பழைய பிக்கப்புக்கு வேறு எஞ்சினும் கியர்பொக்ஸும்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது, முப்பது வருடம் ஓடிய பிக்கப்கள் எங்கள் ஊரில் இன்னும் தினமும் உழைக்கின்றன. நிலாவெளிக் கரையிலிருந்து மீன் பெட்டி, குச்சவெளிப் பக்கமிருந்து சின்ன வெங்காயம், தம்பலகாமத்திலிருந்து நெல் மூட்டை, எல்லாம் இவற்றில்தான் வருகின்றன. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025இல்தான் திரும்பத் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டியின் விலையும் மதிப்பும் ஏறிவிட்டன. எஞ்சின் ஓய்ந்தாலும் வண்டியைக் கழிக்க யாருக்கும் மனம் வருவதில்லை. "வேற எஞ்சின் ஏத்தலாமா?" என்று கேட்டு வருபவர்கள் கேட்பவற்றையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் டொயோட்டா ஹைலக்ஸ். இங்கே அதிகம் ஓடுவது அதுதான்.

எஞ்சின் மாற்றுவதா, இருப்பதையே செய்விப்பதா?

புளொக்கும் கிராங்க் ஷாஃப்டும் நல்லதென்றால் இருப்பதையே செய்வியுங்கள். லேத்தில் சிலிண்டரைக் கடைந்து (போர் அடித்து), புது பிஸ்டன், ரிங், பெயாரிங் போட்டு, ஹெட்டையும் சரிபார்த்தால் அந்த எஞ்சின் இன்னும் பல வருடம் உழைக்கும். பதிவுப் புத்தகத்தில் கை வைக்கத் தேவையில்லை. மவுண்ட், வயரிங், ஷாஃப்ட் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

புளொக் வெடித்திருந்தால், கிராங்க் இனி அரைக்க முடியாத அளவுக்குத் தேய்ந்திருந்தால், அல்லது அந்த எஞ்சினுக்குச் சாமானே கிடைக்கவில்லை என்றால் மாற்றுவது நியாயம். பாரம் கூடிவிட்டது, பழைய எஞ்சின் இழுக்கவில்லை என்பதும் சரியான காரணம்தான். "வேகம் காணாது" என்பதற்காக மட்டும் கேட்டால் நான் சம்மதிப்பதில்லை. அந்த வண்டியின் பிரேக்கும் ஸ்பிரிங்கும் அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல.

சரி, மாற்றத்தான் போகிறேன். முதலில் எந்த எஞ்சினைப் பார்க்கட்டும்?

முதலில் சேஸிஸைப் பாருங்கள். எஞ்சின் அப்புறம்.

இதை எல்லோரிடமும் சொல்கிறேன். கேட்பவர்கள் குறைவு என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். எங்கள் ஊர் வண்டிகளைக் கடல் தின்கிறது. மீன் பெட்டியிலிருந்து உருகும் ஐஸ் தண்ணீரில் உப்பு இருக்கிறது. அது பின் தட்டின் இடுக்குகளால் வழிந்து நேரே சேஸிஸ் மேல் விழுகிறது. வள்ளம் இழுக்கப் பின் சில்லைக் கடலுக்குள் இறக்கும் வண்டிகள் இன்னும் மோசம். சேஸிஸ் இரும்பு பெட்டி போல் உள்ளே வெறுமையானது. துரு உள்ளிருந்து தின்னத் தொடங்கும். மேலே கறுப்புப் பெயின்ற் பளபளவென்றே இருக்கும்.

ஒரு சிறிய சுத்தியலோடு வண்டிக்குக் கீழே போங்கள். முன்னிருந்து பின்னாக அரை அடிக்கு ஒரு தட்டு. நல்ல இரும்பு "டங்" என்று பேசும். தின்ற இரும்பு "டப்" என்று அமுங்கிச் சத்தமிடும், ஓட்டைகளால் செம்பழுப்புத் தூள் கொட்டும். பின் அக்சிலுக்கு மேல் சேஸிஸ் வளையும் இடம், ஸ்பிரிங் பிராக்கட் பிடித்திருக்கும் இடம், கியர்பொக்ஸ் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் இரு முனைகள், ஸ்டியரிங் பொக்ஸ் பூட்டியிருக்கும் இடம், இந்த நாலும் முக்கியம். ஸ்டியரிங் பொக்ஸ் அருகே வெடிப்பு இருந்தால் அதைச் சரிசெய்யும்வரை எஞ்சின் பேச்சையே எடுக்கக் கூடாது.

துரு ஓரிரு இடத்தில் மட்டும் என்றால் வெட்டி, அதே தடிப்புள்ள தகடு வைத்து ஒட்டலாம். நீளத்துக்குத் தின்றிருந்தால் அந்த வண்டிக்கு நல்ல எஞ்சின் வாங்கிப் போடுவது காசை மண்ணில் போடுவதுதான். புது எஞ்சினின் முறுக்கு விசை அந்தச் சேஸிஸின் மீதிப் பலத்தையும் சோதிக்கும்.

ஹைலக்ஸுக்கு எந்த எஞ்சின் இலகுவாகப் பொருந்தும்?

அதே குடும்பத்து எஞ்சின். டொயோட்டாவின் எல் வரிசை டீசல் எஞ்சின்களில் முதலில் வந்த எல் 2188 சிசி, 2எல் 2446 சிசி, 3எல் 2779 சிசி, 5எல் 2986 சிசி. 2எல் எஞ்சினின் போரும் (சிலிண்டரின் விட்டம்) ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஓடும் தூரம்) 92 மில்லிமீற்றர், 3எல்லில் இரண்டும் 96, 5எல்லில் போர் 99.5, ஸ்ட்ரோக் 96. கொள்ளளவு கூடிக்கொண்டு போனாலும் கியர்பொக்ஸின் மணிக்கூடு (கிளட்ச்சை மூடி நிற்கும் மணி வடிவக் கூடு, பெல் ஹவுசிங்) புளொக்கில் பூட்டும் துளைகள் 2எல், 3எல், 5எல் மூன்றுக்கும் ஒன்றே. அதனால் 2எல் இருந்த வண்டிக்கு 3எல் அல்லது 5எல் ஏற்றுவதுதான் தலையிடி குறைந்த வேலை. மூன்றும் பம்பால் இயங்கும் சாதாரண டீசல். கணினி கிடையாது. ரோட்டில் நின்றாலும் கந்தளாயிலோ ஹபரணையிலோ ஒரு மெக்கானிக் திருத்திவிடுவார்.

இங்கே இந்த எஞ்சின்கள் அதிகம் கழன்று வருவது டொல்ஃபின் என்று சொல்லும் டொயோட்டா ஹயஸ் வேன்களிலிருந்து. வேன் எஞ்சின் புளொக் ஒன்றுதான், ஆனால் சம்ப் (எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் தட்டு), ஒயில் உறிஞ்சும் குழாய், மவுண்ட் பிராக்கட், மெனிஃபோல்ட் எல்லாம் வேனுக்கென்று வளைத்தவை. உங்கள் பழைய எஞ்சினிலிருந்து அவற்றைக் கழற்றி இதில் பூட்ட வேண்டும். ஆகவே பழைய எஞ்சினை வேலை முடியும் முன்னர் இரும்புக் கடைக்குக் கொடுத்துவிடாதீர்கள். நாலு சில்லும் இழுக்கும் வண்டியென்றால் சம்ப் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்போது முன் அக்சில் மேலே வந்து சம்பில் முட்டக் கூடாது.

இசுசு 4ஜேபி1 நல்லது என்கிறார்களே?

நல்ல எஞ்சின்தான். 2771 சிசி, நேரடியாக சிலிண்டருக்குள் டீசல் பீச்சும் வகை, எண்ணெய்ச் செலவு குறைவு, கீழ் வேகத்தில் நன்றாக இழுக்கும். இசுசு பிக்கப்பில் 2499 சிசி 4ஜேஏ1 இருந்தால் அதற்குப் பதிலாக இதை ஏற்றுவது இயல்பான மாற்றம். இரண்டுக்கும் போர் 93 மில்லிமீற்றர், வித்தியாசம் ஸ்ட்ரோக்கில்.

இதையே ஹைலக்ஸில் போட வேண்டுமென்றால் மவுண்ட், அடாப்டர் தகடு, கிளட்ச், ஷாஃப்ட், எக்ஸோஸ்ட் எல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும். செய்யலாம், செய்திருக்கிறார்கள். நல்ல லேத் வேலைக்காரர் கையில் இருந்தால் மட்டும் இறங்குங்கள். லொறியிலிருந்து கழற்றிய எஞ்சினா என்றும் கேளுங்கள். சிறிய லொறிகள் பல 24 வோல்ட். ஸ்டார்ட்டர், ஒல்டர்னேட்டர், குளோ பிளக், டீசலை நிறுத்தும் சொலினொயிட் எல்லாமே 24 வோல்ட்டாக வரும். 12 வோல்ட் பிக்கப்பில் அவை ஒன்றும் வேலை செய்யாது. அவற்றை மாற்றும் செலவையும் எஞ்சின் விலையோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

டர்போ எஞ்சின் போடலாமா?

2எல்லின் டர்போ வகையான 2எல்-டி எஞ்சின் மலிவாகக் கிடைக்கும். கிடைப்பதற்குக் காரணம் உண்டு. சூடு கூடினால் அதன் ஹெட் வெடிப்பது ஊரறிந்த குறை. மே, ஜூனில் கச்சான் காற்று அனலாக அடிக்கும் ஊரில் பாரம் ஏற்றி ஓடும் வண்டிக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

டொயோட்டாவின் இன்னொரு டர்போ டீசலான 1கேஇசட்-டிஇ 2982 சிசி, இழுவை அருமை. ஆனால் டீசல் பம்பைக் கணினி ஆட்டுகிறது. எஞ்சினோடு கணினி, வெட்டாத முழு வயர் கட்டு, சென்சர்கள் எல்லாம் வர வேண்டும். அதனால் அதை எடுப்பதென்றால் ஹாஃப் கட்டாக, அதாவது வண்டியின் முன்பாதியை அப்படியே வெட்டி வருவதாக எடுங்கள். ரேடியேட்டரும் சேர்ந்து வரும். மிகக் கூடிய அழுத்தத்தில் டீசலைக் கணினி பீச்சவைக்கும் கொமன் ரெயில் எஞ்சின்கள் இன்னும் ஒரு படி மேலே. இன்ஜெக்டர் விலையையும் டீசலில் கலந்திருக்கும் தண்ணீரையும் யோசித்தால் பழைய பிக்கப்புக்கு அவை வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

கொழும்பு பஞ்சிகாவத்தையின் வாகனச் சாமான் கடைகளில் எஞ்சின் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். குளிராக இருக்கும்போது ஸ்டார்ட் பண்ண வேண்டும். நீங்கள் போக முன்னரே சூடாக்கி வைத்திருந்தால் சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

ஓடும்போது ஒயில் மூடியைத் திறந்து அதன் மேல் தலைகீழாக வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. புகை தள்ளி மூடி துள்ளினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ரேடியேட்டர் பூட்டியிருந்தால் தண்ணீரில் தொடர்ந்து குமிழி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கெஸ்கட் அல்லது ஹெட். மூடியின் உட்பக்கத்தில் பால் கலந்த தேநீர் நிறத்தில் பசை இருந்தால் ஒயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது.

முடிந்தால் கொம்பிரஷன் அளந்து எடுங்கள். எல் வரிசைக்கு நல்ல நிலையில் சதுர சென்றிமீற்றருக்கு 32 கிலோ, குறைந்தது 20 கிலோ. சிலிண்டருக்கு சிலிண்டர் வித்தியாசம் 5 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. நாலும் 26 காட்டும் எஞ்சினை நான் எடுப்பேன். மூன்று 31உம் ஒன்று 22உம் காட்டுவதை எடுக்க மாட்டேன்.

இன்னொன்று. ஜப்பானிலிருந்து வரும் எஞ்சின்களில் பல ஓட்டோ கியர் வண்டிகளில் இருந்தவை. பின்னால் பாருங்கள். தடித்த ஃபிளைவீலுக்குப் பதில் மெல்லிய தகடு இருந்தால் அது ஓட்டோ. உங்களுக்கு ஃபிளைவீலும் அதற்குரிய போல்ட்களும் கிராங்க் நுனியில் பைலட் பெயாரிங்கும் தேவைப்படும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் டைமிங் பெல்ட், அதன் டென்ஷனர், வாட்டர் பம்ப், தேர்மொஸ்டாட், கிராங்கின் பின் ஒயில் சீல் எல்லாவற்றையும் எஞ்சின் வெளியே இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். எல் வரிசையில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். ஒரு பெல்ட்டின் ஆயுள் 100,000 கிலோமீற்றர் என்று வைத்திருக்கிறார்கள். வாங்கிய எஞ்சின் எவ்வளவு ஓடியது என்று விற்பவருக்கே தெரியாது.

என் பழைய கியர்பொக்ஸையே வைத்துக்கொள்ளலாமா?

அதே குடும்பத்து எஞ்சின் என்றால் பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம். நாலு கியர் பழைய பொக்ஸ் என்றால் இந்தச் சந்தர்ப்பத்தில் ஐந்து கியருக்குப் போய்விடுங்கள். அதற்கான கணக்கைக் கீழே டிஃப் (அக்சில் நடுவில் ஷாஃப்டின் சுற்றைச் சில்லுகளுக்குக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) பற்றிய கேள்வியில் காட்டியிருக்கிறேன்.

எஞ்சினும் கியர்பொக்ஸும் சோடியாகக் கிடைத்தால் சோடியாகவே எடுங்கள். ஃபிளைவீல், கிளட்ச் தட்டு, பிரஷர் தட்டு, ரிலீஸ் பெயாரிங், ஃபோர்க், மணிக்கூடு இந்த ஆறும் ஒன்றுக்கொன்று பழகியவை. ஒன்றை வேறு வண்டியிலிருந்து கொண்டுவந்தால் மற்ற ஐந்தையும் சந்தேகப்பட வேண்டும்.

தனித்தனியாக எடுத்தால் பூட்ட முன்னர் மேசையில் வைத்து அளக்க வேண்டியவை சில உண்டு. கியர்பொக்ஸ் இன்புட் ஷாஃப்டின் நுனி பைலட் பெயாரிங்குக்குள் கையால் தள்ள வழுக்கிப் போக வேண்டும், ஆடக் கூடாது. கிளட்ச் தட்டின் நடுப்பற்கள் அந்த ஷாஃப்டின் பற்களில் மேலும் கீழும் தடையில்லாமல் ஓட வேண்டும். அப்புறம் நீளம். மணிக்கூட்டின் முகத்திலிருந்து ஷாஃப்ட் நுனி எவ்வளவு வெளியே நிற்கிறது, எஞ்சினின் முகத்திலிருந்து பைலட் பெயாரிங் எவ்வளவு உள்ளே இருக்கிறது, இரண்டையும் அளந்து பொருத்திப் பாருங்கள். நுனி பெயாரிங்கை எட்டாவிட்டால் கிளட்ச் ஆடி, சில மாதத்தில் கியர்பொக்ஸின் முன் பெயாரிங் சத்தம் போடும். நுனி கிராங்கின் அடியில் முட்டினால் நிலைமை மோசம். போல்ட்டை இறுக்க இறுக்க ஷாஃப்ட் கிராங்கை முன்னால் தள்ளும், திரஸ்ட் பெயாரிங் போய்விடும்.

மணிக்கூட்டுக்கும் எஞ்சினுக்கும் இடையில் வெளிச்சம் தெரிந்தால் போல்ட்டால் இழுத்து மூடப் பார்க்காதீர்கள். திரும்ப எடுத்து ஏன் என்று பாருங்கள். இழுத்தால் அலுமினியக் காது உடையும்.

ஓட்டோ கியர்?

பாரம் ஏற்றும் பழைய பிக்கப்புக்கு வேண்டாம். தனி ஒயில் கூலர், கட்டுப்படுத்தும் பெட்டி, கேபிள் என்று வேலை பெருகும்.

எஞ்சினை எப்படி இடத்தில் நிறுத்துவது?

எஞ்சினையும் கியர்பொக்ஸையும் ஒன்றாகப் பூட்டி, செயின் புளொக்கில் தொங்கவிட்டு இறக்குங்கள். தனி எஞ்சினை வைத்து மவுண்ட் ஒட்டினால் கியர்பொக்ஸ் எங்கே போய் நிற்கும் என்பது கடைசியில்தான் தெரியும்.

கியர் லீவர் பழைய துளைக்குள் வருகிறதா என்பதை முதலில் பார்க்கிறேன். அடுத்தது சம்புக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் ஸ்டியரிங் கம்பிகளுக்கும் இடையே உள்ள இடைவெளி. ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே 25 மில்லிமீற்றராவது வேண்டும். பிரேக் அடிக்கும்போது எஞ்சின் முன்னால் நகரும், அதை மறக்கக் கூடாது.

எஞ்சின் பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து, மூன்று பாகை அளவில் சரிந்து நிற்பது வழக்கம். பழைய எஞ்சினைக் கழற்ற முன்னரே அதன் சரிவை அளந்து எழுதி வைத்தால் இந்த இடத்தில் குழப்பம் வராது. எல்லாம் சரி என்றதும் பிராக்கட்டைப் புள்ளி வெல்டிங் மட்டும் பண்ணுங்கள். எஞ்சினை வெளியே எடுத்துவிட்டு அப்புறம் முழு வெல்டிங். பற்றரி வயரையும் ஒல்டர்னேட்டர் வயரையும் கழற்றாமல் வெல்டிங் தொட வேண்டாம். டீசல் குழாயும் தாங்கியும் எங்கே இருக்கின்றன என்று பார்த்துவிட்டே பொறி பறக்க வேண்டும்.

இரப்பர் மவுண்ட் புதிதாகப் போடுங்கள். பழைய இரப்பர் அமுங்கியிருந்தால் நீங்கள் அளந்த அளவெல்லாம் பொய்.

புரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டத்தான் வேண்டுமா?

கியர்பொக்ஸின் பின்முனை அரை அங்குலம் நகர்ந்திருந்தால் ஸ்லிப் ஜொயின்ட் சமாளிக்கும். அதற்கு மேல் என்றால் வெட்ட வேண்டும் அல்லது நீட்ட வேண்டும். வண்டியைச் சில்லுகளில் நிறுத்தி, வழக்கமான பாரத்தோடு அளவெடுங்கள். ஜாக்கியில் தூக்கி வைத்து எடுத்த அளவு பிழைக்கும்.

லேத்தில் கொடுக்கும்போது இரு முனை யோக்குகளும் ஒரே கோட்டில் வர வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள், வாங்கும்போது நீங்களே கண்ணால் பாருங்கள். பல்லு மாறி நின்றால் எத்தனை தரம் பலன்ஸ் பண்ணினாலும் அதிர்வு போகாது. கியர்பொக்ஸின் சரிவும் டிஃபின் சரிவும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருக்க வேண்டும். ஒரு பாகை வித்தியாசம் தாங்கும். வண்டி 60இல் நடுங்கி 80இல் குறைந்தால் அநேகமாக இங்கேதான் பிழை.

டிஃப் மாற்ற வேண்டுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 195 ஆர் 14 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.05 மீற்றர் ஓடும். 80 கிலோமீற்றர் வேகத்தில் நிமிடத்துக்கு 1333 மீற்றர். சில்லு நிமிடத்துக்கு 650 சுற்று. டிஃப் 4.1 என்றால், அதாவது சில்லு ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் 4.1 சுற்று என்றால், எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும் நாலாம் கியரில் எஞ்சின் 2665 சுற்று. ஐந்தாம் கியர் 0.85 என்று வைத்தால் 2265. அந்த நானூறு சுற்றுதான் ஹபரணைக் காட்டு ரோட்டில் காதுக்கும் டீசல் தாங்கிக்கும் கிடைக்கும் நிம்மதி. டிஃப் 4.556 என்றால் அதே ஐந்தாம் கியரில் 2520 வரும்.

3எல், 5எல் போட்டவர்கள் 4.1 டிஃபில் சந்தோசமாக ஓடுகிறார்கள். எப்போதும் முழுப் பாரம், மணல், கல் என்றால் 4.3 அல்லது அதற்கு மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். நாலு சில்லும் இழுக்கும் வண்டியில் முன், பின் டிஃப் இரண்டும் ஒரே விகிதம் இருந்தாக வேண்டும். அதோடு முன் சில்லுகளுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் பொக்ஸின் முன் ஷாஃப்ட் வெளியே வரும் பக்கமும் முன் டிஃபின் தலை இருக்கும் பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று வாங்க முன்னரே பாருங்கள்.

கியர்பொக்ஸ் மாறினால் ஸ்பீடோமீற்றர் பொய் சொல்லும். அதை ஆட்டும் சிறிய பிளாஸ்டிக் பல்சக்கரத்தின் பற்களை மாற்றிச் சரிசெய்யலாம்.

பிரேக்குக்கும் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம்?

உயிரோடு சம்பந்தம். டீசல் எஞ்சின் தானாக வெற்றிடம் உண்டாக்காது. ஹைலக்ஸில் ஒல்டர்னேட்டரின் முதுகில் ஒட்டியிருக்கும் சிறிய பம்ப்தான் பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் கொடுக்கிறது. அந்தப் பம்ப்புக்கு எஞ்சின் ஒயில் போக ஒரு குழாய், திரும்ப ஒரு குழாய். பம்ப் இல்லாத ஒல்டர்னேட்டரை மலிவாக வாங்கிப் பூட்டினாலோ ஒயில் குழாயை அடைத்துவிட்டாலோ பிரேக் பெடல் கல்லாக நிற்கும்.

பூட்டியதும் இப்படிச் சோதியுங்கள். எஞ்சினை நிறுத்தி பெடலை நாலைந்து தரம் மிதித்து வெற்றிடத்தைத் தீர்த்துவிடுங்கள். பெடலை மிதித்தபடியே ஸ்டார்ட் பண்ணுங்கள். பெடல் மெதுவாகக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வண்டி முற்றத்தை விட்டு வெளியே போகக் கூடாது.

எஞ்சின் பெரிதானால் பிரேக்கும் புதிதாக வேண்டும் என்பது என் கட்டாயம். குறைந்தது பேட், லைனிங், சில்லு சிலிண்டர் கப், துருப்பிடித்த இரும்புக் குழாய்கள். உப்புக்காற்றில் பிரேக் குழாய் வெளியிலிருந்து மெலிந்துகொண்டே வரும். இதற்குக் காசில்லை என்றால் எஞ்சினைத் தள்ளிப்போடுங்கள்.

பெற்றோல் பிக்கப்பை டீசலாக்குவது எப்படி?

மேலே சொன்ன வெற்றிடப் பம்ப் முதல் தேவை. டீசல் பம்பிலிருந்து மீதி டீசல் தாங்கிக்குத் திரும்ப இன்னொரு குழாய் வேண்டும். தாங்கியைக் கழற்றிக் கழுவி, உள்ளே துரு இல்லை என்று உறுதி செய்யுங்கள். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர், குளோ பிளக்குக்கு ரிலேயும் டைமரும், பெரிய பற்றரி, தடித்த ஸ்டார்ட்டர் வயர். டீசல் எஞ்சின் பாரமும் கூட, முன் டோர்ஷன் பார் அல்லது ஸ்பிரிங் இறங்கும், உயரத்தைச் சரிசெய்ய வேண்டும்.

வண்டி சூடேறாமல் இருக்க?

ரேடியேட்டர் எஞ்சினுக்குரியதாக இருக்க வேண்டும், வண்டிக்குரியதாக அல்ல. 3எல், 5எல் எஞ்சினுக்குப் பழைய பெற்றோல் ரேடியேட்டர் காணாது. விசிறியைச் சுற்றும் பிளாஸ்டிக் கூண்டைப் பலர் இடம் காணாது என்று கழற்றி எறிகிறார்கள். அது இல்லாவிட்டால் வண்டி நிற்கும்போதும் மெதுவாக ஊரும்போதும் விசிறி ரேடியேட்டரின் முழுப் பரப்பிலும் காற்றை இழுக்காது. தேர்மொஸ்டாட்டைக் கழற்றிவிடும் பழக்கமும் வேண்டாம். எஞ்சின் அளவான சூட்டுக்கு வராமல் எண்ணெய் குடிக்கும்.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. கரையோரக் கிணற்றுத் தண்ணீரை ரேடியேட்டருக்கு ஊற்றாதீர்கள். உப்பும் சுண்ணாம்பும் ஹெட்டுக்குள் படியும். கூலண்டும் வடித்த தண்ணீரும் கலந்து ஊற்றுங்கள்.

பதிவுப் புத்தகத்தில் என்ன செய்ய வேண்டும்?

எஞ்சின் இலக்கம், கொள்ளளவு, எரிபொருள் வகை ஆகியவை பதிவுச் சான்றிதழில் இருப்பவை. மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அந்த மாற்றத்தைப் பதிவிக்க வேண்டும். எஞ்சின் வாங்கும்போதே கடைப் பற்றுச்சீட்டையும் சுங்கத் தாளின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். பற்றுச்சீட்டில் எஞ்சின் இலக்கம் எழுதியிருக்க வேண்டும், புளொக்கில் அடித்திருக்கும் இலக்கத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இலக்கம் அரைத்த அல்லது திரும்ப அடித்த அடையாளம் தெரிந்தால், எவ்வளவு மலிவென்றாலும் தொடாதீர்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள். விபத்து நடந்த பிறகு இலக்கம் மாறியிருப்பதைக் காட்டி இழப்பீட்டை மறுக்க இடம் வைக்கக் கூடாது.

திணைக்களத்தில் என்னென்ன தாள் கேட்பார்கள் என்பதை எஞ்சின் வாங்க முன்னரே போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். பூட்டிய பிறகு ஓடுவதை விட அது சுலபம்.

புகைப் பரிசோதனையில் தேறுமா?

வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க அந்தச் சான்றிதழ் இல்லாமல் முடியாது. டீசல் வண்டியை அங்கே முழு வேகத்துக்கு முறுக்கிப் பார்ப்பார்கள். டைமிங் பெல்ட் பழசென்றால் அந்த முறுக்கலில்தான் அறும். இன்ஜெக்டர் சோதித்து, பம்ப் டைமிங் சரியாக வைத்து, ஏர் ஃபில்டர் மாற்றி, எஞ்சினை நன்றாகச் சூடாக்கிக் கொண்டுபோங்கள். இழுவைக்காக டீசல் அளவைத் திருகிக் கூட்டிய வண்டி கறுப்பாகத் தள்ளும், தேறாது.

மொத்தம் எவ்வளவு முடியும்?

விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது. ஆனால் ஒரு வழி சொல்கிறேன். எஞ்சினும் கியர்பொக்ஸும் என்ன விலையோ, குறைந்தது அதே அளவு இன்னொரு தொகையைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். கிளட்ச், ரேடியேட்டர், ஹோஸ், மவுண்ட், ஷாஃப்ட், பிரேக், எக்ஸோஸ்ட், வயரிங், ஒயில், லேத் கூலி என்று அது போய்விடும். அந்தத் தொகை இல்லாமல் தொடங்கிய வண்டிகள் கராஜ் மூலையில் ஒரு மாரி முழுக்க நனைவதைப் பார்க்கக் கவலையாக இருக்கும். தொழிலுக்கு ஓடும் வண்டி என்றால் மீன் குறைந்த மாதத்தில் வேலையை வையுங்கள்.

முதல் ஓட்டம் எப்படி?

டீசல் ஃபில்டர் மேலுள்ள கைப்பம்பை அடித்துக் காற்றை வெளியேற்றுங்கள். ஸ்டார்ட் ஆக முன்னர் டீசலை நிறுத்தும் சொலினொயிட் வயரைக் கழற்றிவிட்டு, ஒயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுச் சுழற்றுங்கள். அப்புறம் வயரைப் போட்டு ஸ்டார்ட் பண்ணலாம்.

முதலில் வெறும் வண்டியோடு கன்னியா வரை போய் வாருங்கள். வந்ததும் கீழே படுத்து ஒயில், டீசல், தண்ணீர், பிரேக் ஒயில் எங்காவது ஒழுகுகிறதா என்று விளக்குப் பிடித்துப் பாருங்கள். மவுண்ட், மணிக்கூடு, ஷாஃப்ட் போல்ட்களைத் திரும்ப இறுக்குங்கள். அடுத்தது கந்தளாய் வரை, அரைப் பாரம், சூட்டு முள்ளில் கண். அது சரி என்றால் முழுப் பாரம் ஏற்றலாம். கொழும்புக்கு முதல் கிழமையே போக வேண்டாம். முதல் ஒயிலை 1000 கிலோமீற்றருக்குள் மாற்றிவிடுங்கள், வடித்த ஒயிலை வெள்ளைத் துணியில் ஊற்றி உலோகத் துகள் மினுங்குகிறதா என்று பாருங்கள்.

பழைய எஞ்சினை என்ன செய்வது?

புது எஞ்சின் இலக்கம் பதிவுச் சான்றிதழில் ஏறும்வரை வைத்திருங்கள். அதற்குப் பிறகு, அதே வகை எஞ்சின் என்றால், ஸ்டார்ட்டர், ஒல்டர்னேட்டரும் அதன் பம்பும், டீசல் பம்ப், இன்ஜெக்டர், ஃபிளைவீல், சம்ப் ஆகியவற்றைக் கழற்றி ஒயில் பூசி, உப்புக்காற்று படாமல் கட்டி வையுங்கள். ஒருநாள் அவசரத்துக்கு உதவும். புளொக்கை விற்பதென்றால் வாங்குபவரின் கையொப்பத்தோடு, எஞ்சின் இலக்கமும் திகதியும் எழுதிய தாள் ஒன்றை வாங்கிப் பதிவுப் புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள்.